பஞ்சத்திற் படிக்காசு

திருவீழிமிழலையில் நிகழ்ந்த படிக்காசு வரலாறு சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததேயாம். ஆளுடைய பிள்ளையாரும் ஆளுடைய அரசும் அடியார் கூட்டத்தோடு அத்தலத்தில் எழுந்தருளியிருந்த காலத்து, மழை பொய்த்து ஆறும் நீர் சுருங்கி நாடெங்கும் வற்கடம் பரவிற்று. உடன்வந்த அடியார்கள் பசியால் வருந்தாவண்ணம் இறைவர் இருபெருமக்களுக்கும் நாள்தோறும் படிக்காசு அளித்தருளினார். கிழக்குப் பீடத்தில் பிள்ளையாருக்கும் மேற்குப் பீடத்தில் அரசுக்குமாக அக்காசு வைக்கப்பெற்றது. இரு திருமடங்களிலும் இருபொழுதும் அமுதுண்ண அடியார்கள் வருக என்று பறையும் அறைவித்தனர்.

இவ்வளவோடு வரலாறு முடிந்திருப்பின் அது திருவருட் சிறப்பை உணர்த்தும் அற்புதம் ஒன்றாகவே நிற்கும். சேக்கிழார் சுவாமிகளோ அதன்மேலும் ஒன்று கூறுகின்றார். அரசின் திருமடத்தில் உரிய பொழுதில் அமுதூட்டல் நிகழ, பிள்ளையார் திருமடத்தில் நாள்தோறும் காலந்தாழ்ந்தது. காரணம் யாதெனப் பிள்ளையார் வினவ, அடுக்களையில் உள்ளார், அரசு பெறும் காசைக் கடைத்தெருவில் உடனே ஏற்கின்றனர் என்றும், நம் காசுக்கு வாசி கேட்கின்றனர் என்றும், அதனாற் பண்டங்கள் வந்து சேர நேரமாகின்றது என்றும் விண்ணப்பித்தனர். பிள்ளையார் திருப்பதிகம் பாடியருளி வாசியில்லாக் காசு பெற்றார். இருவர் காசும் வேறுபட்டமைக்கு அரசின் கைத்தொண்டே ஏது என்பது புராணத்தாற் பெறப்படும். அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டுவதின்று.

வாசி என்பது நாணயத்தின் மாற்றுக் குறைவு கருதி வாணிகர் கழித்துக்கொள்ளும் தொகை. வட்டம் என்றும் வழங்குவர். காசு ஒன்று என்ற எண் மாறவில்லை. கொடுப்பாரும் குறைத்துக் கொடுத்திலர். ஆயினும் பந்தியில் இலை போடுதற்குள் பசித்தார் காத்திருக்க நேர்ந்தது. தருமத்தை அளத்தற்குரிய கோல் கருவூலத்தில் வைத்த காசோ, பந்தியில் உரிய பொழுதில் இட்ட சோறோ என்னும் வினாவுக்கு இச்சிறு நிகழ்ச்சியிலேயே விடை இருக்கின்றது. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் நிகழ்ந்து பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பாடப்பெற்ற இவ்வரலாறு, அதற்கு எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் இந்நாட்டில் நேர்ந்த ஒரு பெருங்கொடுமையை விளங்கிக்கொள்வதற்குத் துணைசெய்யும் என்பது எம் கருத்து. அக்கொடுமையாவது, தாது வருஷப் பஞ்சம் என இன்றும் கிராமத்தார் நாவில் வழங்கும் 1876–78-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், பசித்தோர்க்கு அளித்துவந்த கூலியைத் துரைத்தனத்தார் குறைத்தமையாம். அதனைக் கூறுமுன், பஞ்சகாலத்துத் தருமப்பொருளை நம் முன்னோர் எங்ஙனம் கருதினர் என்பதைச் சிறிது நோக்குவோம்.

நாட்டியத்தான்குடியிற் பிறந்த கோட்புலி நாயனார் சோழர் படைத்தலைவர். தாம் பெற்ற பொருளையெல்லாம் சிவன்கோயில் அமுதுபடிக்காக நெல்லாகத் தொகுத்துக் கூடு கட்டி வைத்தார். அரசன் ஏவலாற் போர்மேற் செல்ல நேர்ந்தபோது, தாம் மீளும்வரை அந்நெல்லைத் தொடலாகாது என்று சுற்றத்தார் ஒவ்வொருவரிடமும் ஆணையிட்டுச் சென்றார். பஞ்சம் வந்தது. சுற்றத்தார், இப்போது உண்டு பிழைத்துப் பின்னர்க் கொடுத்துவிடுவோம் என்று எண்ணிக் கூட்டைப் பிரித்து உண்டனர். மீண்டு வந்த நாயனார் செய்ததைப் புராணம் மறைக்கவில்லை, யாமும் மறைக்கவில்லை. பால்குடிக்கும் குழவியும் வாளுக்குத் தப்பவில்லை. இச்சரிதத்தைப் படித்து மனங்கலங்காதார் அரியர். நாயனாரது அன்பின் வன்மையை இக்காலத்து ஒழுகலாற்றோடு வைத்து நிறுத்தல் முறையன்றென விடுத்து, சரிதத்தின் அடிக்கிடக்கும் கொள்கையை மட்டும் கொள்வோம். ஒருவகைச் செலவுக்கென ஒதுக்கிய பொருள் காவலிருப்பார்க்கு உரியதன்று; அவர்தம் இடுக்கண் எத்துணைப் பெரிதாயினும், பின்னர்க் கொடுப்போம் என்று மனத்துள் நினைத்துக்கொள்வது கடன்பத்திரம் ஆகாது.

பசியால் வாடும் ஊர் கோயிற் பொருளைத் தொடவே கூடாதெனின் அப்பொருள் இருந்தென்ன என்று கேட்பார்க்குச் சோழர்காலத்துக் கல்வெட்டொன்று விடைதரும். தஞ்சை நாட்டு ஆலங்குடியில் காலம் பொல்லாததாகி, உண்பதற்கும் விதைப்பதற்கும் நெல் வாங்கப் பொருளின்றி ஊரார் தவித்தபோது, ஊர்ச்சபையார் கோயிற் பண்டாரத்திலிருந்து பொன் அணிகலன்களையும் வெள்ளிப் பாத்திரங்களையும் கடனாகப் பெற்றனர். அதற்கீடாக எட்டேமுக்கால் வேலி நிலத்தைக் கோயிலுக்கு விட்டு, அதன் விளைவினின்று வட்டி செல்லுமாறு கல்லில் வெட்டுவித்தனர். கோட்புலியார் சுற்றத்தார் மறைவிற் செய்ததை ஆலங்குடிச் சபையார் ஊரறியச் செய்தனர். தெய்வத்துக்குரிய பொன் பஞ்சத்தில் விதைநெல்லாயிற்று; ஆகியும் தெய்வத்தின் கணக்கினின்று நீங்கவில்லை. அறநிலையப் பொருளை ஆளுவோர் இக்கல்வெட்டைப் பலமுறை படித்தல் தகும்.

இதுகொண்டு, அக்காலத்துக் கோயில்கள் பஞ்சந்தோறும் அள்ளிக் கொடுத்தே நின்றன என்று சொல்லப் புகின் கல்வெட்டுக்களே இடங்கொடா. திருப்பாம்புரத்தில், மூன்றாங் குலோத்துங்க சோழன் காலத்து 1201-ஆம் ஆண்டில், ஒரு காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற கொடும்பஞ்சத்தில், வேளாளன் ஒருவன் தன்னையும் தன் பெண்மக்கள் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டான் என்பதும் கல்லில் உள்ளதே. பழம்பெருமை பேசுவோர் இதனை விடுத்துப் பேசுதல் உண்மை நூற்கு ஒவ்வாது.

எனினும் பண்டை அறக்கட்டளைகளில் ஒரு நுட்பம் உண்டு. திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, மாணவர் விடுதியையும், 15 நோயாளர் கிடந்து மருந்துண்ணும் ஆதுலசாலையையும், அதன் மருத்துவன், அறுவை செய்வான், மூலிகை கொணர்வார், பணிப்பெண்டிர் என்போரையும் குறிக்கின்றது. அவர்க்கெல்லாம் விதித்த சம்பளமும் உணவும் பெரும்பான்மையும் நெல்லே. நிலம் விட்டு, அந்நிலத்து நெல்லைக்கொண்டு நடத்துமாறு வைத்த தருமத்தில் விலையேற்றத்தால் வரும் வாசி புகமாட்டாது. மழை பொய்த்தால் நெல் குறையும் என்பது மெய்யே. ஆனால் நெல் விலை மும்மடங்காகும்போது தருமம் மூன்றிலொன்றாகச் சுருங்கும் தீங்கு அதற்கில்லை.

இந்நுட்பம் கும்பினியார் காலத்தில் அழிந்தது. கோயில்களுக்கும் சத்திரங்களுக்கும் உரிய நிலங்கள் பலவற்றைத் துரைத்தனத்தார் தம் வரிக்கணக்கிற் சேர்த்துக்கொண்டு, அவற்றிற்கீடாக ஆண்டுதோறும் ரொக்கமாக ஒரு தொகை கொடுக்கத் தலைப்பட்டனர். அதுவே தஸ்திக் எனப்பட்டது. 1817-ஆம் ஆண்டு ஏழாவது ரெகுலேஷனால் தருமங்களின் மேற்பார்வையைத் தாமே ஏற்ற துரைத்தனத்தார், 1863-ஆம் ஆண்டு இருபதாவது சட்டத்தாற் கோயில் மேற்பார்வையினின்று கைகழுவிக்கொண்டனர். எனினும் தஸ்திக்குத் தொகை தொகையாகவே நின்றது. நூறு ரூபாய் என்றால் நெல் மலிந்த காலத்தும் நூறு; நெல் கிடையாத காலத்தும் நூறு. ஏட்டிற் பார்ப்பார்க்கு ஒரு பைசாவும் குறைந்ததாகத் தோன்றாது. அடுக்களையில் உள்ளார்க்கு மட்டும் தெரியும். பிள்ளையார் மடத்து அடுக்களையினர் சொன்ன சொல்லையே தஞ்சையிலும் மதுரையிலும் உள்ள மடைப்பள்ளியினர் பஞ்சந்தோறும் சொல்லவேண்டியவராயினர். வாசியைத் தீர்ப்பார் எவருமிலர்.

இந்நிலையில் வந்ததே தாது வருஷப் பஞ்சம். 1876-ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழையும் பின்னர் வடகீழ்ப் பருவமழையும் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியிற் பொய்த்தன. பல்லாரி, கடப்பை, கர்நூல், சேலம், கோயமுத்தூர், வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்கள் பெரிதும் வாடின. மைசூரும், பம்பாய் மாகாணத்துத் தக்கணப் பகுதியும், ஐதராபாத்தும் அங்ஙனமே. நெல்லும் கேழ்வரகும் இருமடங்கும் மும்மடங்கும் விலையேறின. இருப்புப்பாதை வழியே தானியம் வந்ததேனும், வந்த தானியத்தை வாங்கக் கூலியாளரிடம் காசில்லை.

அவ்வாண்டிற் கல்கத்தா அரசாங்கத்தின் கருவூலமும் இடருற்றிருந்தது என்பதை நடுவுநிலைமையோடு கூறல்வேண்டும். ஜெர்மனி முதலிய தேசங்கள் வெள்ளி நாணயத்தைக் கைவிட்டமையால் வெள்ளி விலை வீழ்ந்து, இரண்டு ஷில்லிங்குக்கு மாறிவந்த ரூபாய் 1876-இல் மிகத் தாழ்ந்தது. இங்கிலாந்துக்கு ஆண்டுதோறும் பவுனிற் கட்டவேண்டிய பெருந்தொகைக்கு முன்னினும் மிகுதியான ரூபாய் வேண்டியதாயிற்று. ரூபாய்க்கு வாசி வந்தது எனச் சுருங்கச் சொல்லலாம். இவ்வாசியை யார் தலையில் ஏற்றுவது என்பதே அரசாங்கத்தார்முன் நின்ற வினா. 1877-ஆம் ஆண்டு ஜனவரி முதல்நாள் டில்லியில் விக்டோரியா அரசியாரை இந்தியச் சக்கரவர்த்தினியாகப் பறைசாற்றிய பெருந்தர்பாரின் செலவில் ஏறவில்லை என்பது வெளிப்படை.

சென்னைக் கவர்னர் பக்கிங்காம் டியூக் 1876-ஆம் ஆண்டின் இறுதியில் ஆர்பத்நட் கம்பெனியார் வாயிலாக 30,000 டன் தானியம் மறைவாக வாங்கிச் சேமிக்க முயன்றார். வாணிகத்தில் அரசு தலையிடுதல் பிழையென்று கல்கத்தாவினர் கண்டித்தனர். நிவாரண வேலைகளில் மக்கள் குவிந்தனர். 1877-ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் சென்னை மாகாணத்தில் மட்டும் அவர் தொகை பத்து லட்சத்தைக் கடந்தது. செலவு கண்டு அஞ்சிய லிட்டன் பிரபு, ஸர் ரிச்சர்ட் டெம்பிள் என்பாரைப் பஞ்சத் தூதராகத் தெற்கே அனுப்பினார்.

இந்த டெம்பிள் துரை யார் என்பதை அறிந்தாலன்றிப் பின் நிகழ்ந்தது விளங்காது. 1873–74-இல் வங்காளத்தைச் சார்ந்த பீகாரில் விளைவு குன்றியபோது, பர்மாவிலிருந்து ஏறத்தாழ நாலரை லட்சம் டன் அரிசி தருவித்துப் பசித்தார்க்கு வழங்கிய நிவாரணத்தை முன்னின்று நடத்தியவர் அவரே. அரசாங்கத்துக்கு ஏறக்குறைய 65 லட்சம் பவுன் செலவாயிற்று. பட்டினிச் சாவோ மிக அரிதாயிற்று. இதற்கு அவர் பெற்ற பரிசு வசை. உயிர்களைக் காத்தார் என்று புகழ்ந்தவரினும், பணத்தை வாரி இறைத்தார், அரிசியை மிஞ்சவிட்டு நஷ்டத்துக்கு விற்றார் என்று இலண்டனிலும் கல்கத்தாவிலும் இகழ்ந்தவரே பலர். மூன்றாண்டு கழித்து அவரையே சிக்கனத்தின் பொருட்டுத் தேர்ந்தனுப்பினர். ஒருமுறை வள்ளன்மைக்காக ஏசப்பட்டவன் மறுமுறை தன் கைச்சுருக்கத்தை உலகறியக் காட்டுதற்கு முந்துவான் என்பதை அனுப்பினோர் அறிந்திருத்தல் கூடும்.

அவ்வாறே நிகழ்ந்தது. அதுகாறும் வேலைசெய்யும் ஆண்மகனுக்கு ஒன்றரை ராத்தல் தானியத்தின் விலையை அடிப்படையாகக் கொண்டு கூலி தரப்பட்டுவந்தது. டெம்பிள் துரை அதனை ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் மேற்கொண்டு அரையணாவும் என்று குறைத்தார். பெண்டிர்க்கும் சிறார்க்கும் அதனினும் குறைவு. உப்பும் மிளகாயும் பருப்பும் விறகும் அவ்வரையணாவினுள் அடங்கவேண்டும். உண்மையில் வேறுவகையின்றி வாடினோரே வேலைக்கு வரல்வேண்டும் என்று, வீட்டினின்று நெடுந்தொலைவில் உள்ள வேலைத்தலங்களுக்குச் செல்லுமாறு விதித்ததும் உண்டு. ஒரு ராத்தலால் உயிர் நிலைக்கும் என்பது அவர் துணிபு. மண்வெட்டி பிடித்துக் கல்லுடைத்துக் கூடை சுமப்பார்க்கு உயிர் நிலைத்தல் மட்டும் போதுமோ என்பதே எதிர்த்தோர் வினா.

எதிர்த்தோருள் முதல்வர் சென்னை மாகாணத்துச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ். அரசாங்க ஊழியராகிய அவர் தம் மேலோர்க்கு மாறாகப் பேசுதற்கு அஞ்சினாரல்லர். அவர் காட்டிய சான்று எளியது: சென்னைச் சிறைச்சாலைகளிற் கடும்வேலை செய்யும் கைதிகளுக்கு ஒரு ராத்தலினும் மிகுதியாகவே தானியம் அளக்கப்பட்டது, குற்றம் புரிந்தார்க்கு வேண்டுமென்று கண்ட அளவினும், குற்றமின்றிப் பசித்தார்க்கு விதித்த அளவு குறைவு. குறையுணவால் வருஞ் சாவு ஒரு நாளிற் கண்ணுக்குப் புலப்படுவதன்று என்பதையும் அவர் வற்புறுத்தினார். உடல் சிறிதுசிறிதாகத் தேய்ந்து ஓர் எல்லையைக் கடந்தபின், உணவு கொடுத்தாலும் குடல் ஏற்காது. பேதியிலும் வீக்கத்திலும் உயிர்போகும். கணக்கிலோ அது பஞ்சச்சாவு என்று ஏறாது. 1877 மார்ச்சு 7, 14 ஆகிய நாட்களில் டெம்பிள் துரை தம் கட்சியை நாட்டி எழுதிய குறிப்புக்களுக்குக் கார்னிஷ் எழுதிய மறுப்பு தனி நூலாகவே அச்சாயிற்று. ஒரு பிடி அரிசியைக் குறித்து இருவர் இயற்றிய இவ்வாதத்தைப் படிக்குங்கால், அடுக்களையிலிருந்து எழுந்த விண்ணப்பத்தையும் அதனைக் கேளாச் செவியையும் நேரிற் காண்பதுபோல இருக்கும்.

கூலிகுறைந்த மக்களும் வாளா இருந்திலர். பம்பாய் மாகாணத்திற் பல்லாயிரவர் வேலைத்தலங்களை விட்டு வெளியேறினர். புனா சார்வஜனிக சபையார் அவர்க்காக விண்ணப்பஞ் செய்தனர். வைசிராய்க்கு அது பிடிவாதமாகத் தோன்றிற்று. அரைவயிற்றுக் கூலியையும் வேண்டாவென விடுத்துப் போவார்க்கு வேறு வழியுண்டு என்றே ஆட்சியாளர் கொண்டனர். வேறு வழி சாவே எனப் பின்னர் வெளிப்பட்டது. 1877 மே மாதத்திற் சென்னை அரசாங்கம் கூலியை மீண்டும் உயர்த்திற்று. குறைத்த அளவு நின்றது சில மாதங்களே. ஆயின் அச்சில மாதங்களே கோடைக்கு முன்னர் உடலிற் சிறிது வலிமை சேர்த்துக்கொள்ளக் கிடைத்த காலம். தென்மேற்குப் பருவமழை மீண்டும் தாழ்த்தது. ஈசுவர வருஷத்து ஆடி ஆவணியிற் சாவு மலிந்தது.

1877 ஆகஸ்டு 4-ஆம் நாள் சென்னையிற் கவர்னர் தலைமையில் ஒரு பொதுக்கூட்டம் கூடி, இலண்டன் நகரத் தலைவர்க்குத் தந்தியனுப்பி நன்கொடை வேண்டிற்று. தம்மைக் கேளாது வேண்டினர் என்று வைசிராய் முனிந்தார். அம்முனிவைப் பொருட்படுத்தாது இங்கிலாந்திலும் குடியேற்ற நாடுகளிலும் ஆலைத்தொழிலாளர் முதலாகப் பலரும் கொடுத்தனர். சேர்ந்த தொகை ஆறு லட்சம் பவுனுக்கு மேற்பட்டது. மெட்ராஸ் டைம்ஸ் பத்திரிகாசிரியர் வில்லியம் டிக்பி அச்சங்கத்தின் காரியதரிசியாக உழைத்து, மறு ஆண்டிற் பஞ்ச வரலாற்றை இரண்டு பெருந்தொகுதிகளாக எழுதினார். அரசாங்கம் செய்யும் நிவாரணத்திற் கலவாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனையால், அந்நன்கொடையிற் பெரும்பகுதி குடியானவர்க்கு விதைக்கும் உழவுமாட்டுக்கும் கூரைக்கும் துணிக்குமாகச் செலவாயிற்று. நிபந்தனை விதித்தோர் கருத்து யாதாயினும், விளைவு நன்றே ஆயிற்று. ஆலங்குடிச் சபையார் கோயிற் பொன்கொண்டு தேடிய விதைநெல்லையே இப்பொருளும் தேடித் தந்தது.

நம்மவர் வைத்த தருமங்களும் அக்காலத்து நின்றன. 1866-ஆம் ஆண்டுப் பஞ்சத்தை அடுத்து, 1867 மே 23-ஆம் நாள் வடலூரில் இராமலிங்க அடிகளார் தொடங்கிய சத்திய தருமச்சாலை அடிகளார் மறைந்த பின்னும் நின்று, தாது வருஷத்தையும் கடந்தது. அதன் அடுப்பு இன்றும் அவியாதிருக்கின்றது. யாழ்ப்பாணத்தில் அதே ஆண்டுகளிற் பஞ்சமும் வாந்திபேதியும் ஒருங்கு வந்தபோது, ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். அருட்பா குறித்து இவ்விருபெரியார் பக்கத்தாரும் இட்ட வழக்கை எடுத்தெடுத்து எழுதுவார், இருவரும் கஞ்சி வார்த்ததை ஒருங்கு வைத்து எழுதுதல் அருகியே காணப்படுகின்றது. சென்னை நகரிலும், 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்திற் கஞ்சி வார்க்கத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம் இப்பஞ்சத்திற் பயன்பட்டது. அதன் அண்மையில் வளர்ந்த அரசாங்க மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே நகரத்தார் நெடுங்காலம் வழங்கினர். இவையெல்லாம் சேர்ந்தும் பத்து லட்சம் பேர் பசிக்கு எம்மாத்திரம்! தனித் தருமம் உண்டாகலின் அரசாங்கம் கைவாங்கலாம் என்பார்க்குத் தாது வருஷக் கணக்கே மறுப்பு. பின்னர் ஆராய்ந்த பஞ்சக் கமிஷனார், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் வழக்கத்துக்கு மேற்பட இறந்தோர் ஐம்பது லட்சத்தின் மிக்கார் என மதித்தனர். 1881-ஆம் ஆண்டுக் குடிமதிப்பிற் சென்னை மாகாணத்து மக்கள்தொகை 1871-இல் இருந்ததினும் குறைந்து காணப்பட்டது.

பஞ்சம் தணிந்தபின் அரசாங்கத்தார் செய்தது ஒன்று பாராட்டத்தக்கது. இனி வரும் பஞ்சத்துக்கு ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்குவோம் என்று நிதியமைச்சர் ஸர் ஜான் ஸ்டிராச்சி 1877-ஆம் ஆண்டின் இறுதியில் அறிவித்தார். அதன்பொருட்டு வாணிகர்மேலும் கைத்தொழிலாளர்மேலும் லைசென்சு வரியும், சில மாகாணங்களில் நிலத்தின்மேற் புதுத்தீர்வையும் விதிக்கப்பட்டன. அவ்வேளையிலேயே சென்னை, பம்பாய் மாகாணங்களில் உப்புவரி மணங்கு ஒன்றுக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக ஏறிற்று. ஒரு ராத்தற் கூலி பெற்றவன் அவ்வரையணாவில் உப்பும் வாங்கவேண்டியிருந்தான் என்பதை நினைவிற் கொண்டு இவ்வரியை மதிக்க.

இவ்வளவு வரி விதித்து வைத்த பொருள் யாதாயிற்று? 1878 நவம்பரில் ஆப்கானியப் போர் மூண்டது. 1879-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திற் பஞ்ச ஒதுக்கு நிறுத்தப்பட்டது. அதற்கென விதித்த வரிகள் நிறுத்தப்படவில்லை. அதே 1879 மார்ச்சில், இங்கிலாந்திலிருந்து வரும் முரட்டுப் பருத்தித் துணிக்கு இருந்த இறக்குமதி வரியை லிட்டன் பிரபு தம் சபையிற் பெரும்பான்மையோர் மறுத்தும் தள்ளிவிட்டார். பஞ்சத்துக்கு இல்லையென்ற பணம் மாஞ்செஸ்டர் ஆலைக்காரர்க்கு விட்டுக்கொடுக்க உண்டாயிற்று. கோட்புலியார் சரிதத்திற் கூட்டுநெல்லை வைத்தவர் போருக்குப் போனார். வீட்டிலிருந்தார் பசியால் உண்டனர். இங்கோ கூட்டை வைத்தவரே பிரித்துப் போருக்குக் கொண்டுசென்றார். பின்னர்க் கொடுத்துவிடுவோம் என்ற சொல் இரண்டிடத்தும் ஒன்றே. ஆலங்குடிச் சபையார் போல ஈடாக ஒரு குழி நிலமும் எழுதி வைத்தாரல்லர்.

ரிச்சர்ட் ஸ்டிராச்சி தலைமையில் அமைந்த பஞ்சக் கமிஷன் 1880-ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. கூலி உடல்நலத்தைக் காக்குமளவு இருத்தல்வேண்டும் என்று அது கொண்டது. வேலைசெய்வான் உணவளவை ஒன்றரை ராத்தலை ஒட்டியே வகுத்தது. டாக்டர் கார்னிஷின் கட்சி இங்ஙனம் வென்றது. கூலியைப் பண அளவில் நிறுத்தாது, அவ்வவ்விடத்துத் தானியவிலை ஏற ஏறக் கூலியும் ஏறுமாறு 1883-ஆம் ஆண்டுப் பஞ்சவிதித் தொகுப்பில் ஏற்பாடு செய்தனர். வாசியை நீக்குதற்கு ஆட்சியாளர் எழுத்திற் செய்த நல்லேற்பாடு இஃது. ஆயின் அவ்விதிகளை நடத்துதற்குரிய ஒன்றரைக் கோடி மட்டும் நிலையாக நிற்கவில்லை. ரிப்பன் பிரபு காலத்தில் மீண்டும் ஒதுக்கப்பட்டு, அப்பத்தாண்டின் பிற்பகுதியில் நாணயமாற்று நஷ்டமும் எல்லைக்காவற் செலவும் காரணமாக மீண்டும் குறைக்கப்பட்டது. 1896-ஆம் ஆண்டில் மழை மறுபடியும் பொய்த்தது.